கூடி வாழத் துணைவிதி வேண்டும்

"கூடி வாழ்ந்தால் கோடி நன்மை" என்று மேடையில் கூறாத கூட்டுறவாளர் நம்மிடையே இல்லை. நூல் வாங்கக் கூடினோம். நெய்த துணியை விற்கக் கூடினோம். விதைக்கும் உரத்திற்கும் பயிர்க்கடனுக்கும் கூடினோம். ஆனால் பழமொழி கூறுவது கூடி வாங்குவதையோ விற்பதையோ அன்று; கூடி வாழ்வதை. அதற்கென ஒரு துணைவிதி வகுத்த சங்கம் நம் வட்டாரத்தில் எத்தனை?

இக்கேள்வி என் உள்ளத்தில் தோன்றியது ஏம்பலத்தில். சென்ற தை மாதத்தில் கணக்குப் பார்க்கச் சென்றிருந்தபோது, நாற்பது ஆண்டுகள் தறியில் உழைத்த மூதாட்டி ஒருவர், தம் பங்குத் தொகையைத் திரும்பப் பெற வந்திருந்தார். மூத்த மகன் பெங்களூரில், இளையவன் பிரான்சில். வீடு பெரிது, தோட்டம் பெரிது, இருப்பவர் ஒருவர். "கைப்பேசியில் பேரப் பிள்ளையின் முகம் பார்க்கிறேன் ஐயா. மாத்திரையும் தண்ணீரும் எடுத்துத் தரத்தான் கை இல்லை. சங்கம் நூலுக்குக் கடன் கொடுத்தது. துணைக்கு ஆள் கொடுக்குமா?" என்று கேட்டார். அதற்குரிய விடை நான் கொண்டு சென்ற படிவங்கள் எதிலும் இல்லை. அன்றிலிருந்து எண்ணிப் பார்த்ததையே இங்கு எழுதுகிறேன். இவை என் சொந்தக் கருத்துகள். நான் பணிபுரியும் துறையின் கருத்துகள் அல்ல.

என் யோசனையைச் சுருக்கமாகக் கூறிவிடுகிறேன். முதியோரும் இளங்குடும்பத்தாரும் குழந்தைகளும் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்து, சுற்றியுள்ள நிலத்தையும் தோட்டத்தையும் பொதுவில் வைத்துப் பேணும் கூட்டுக் குடியிருப்பு ஒன்றை, ஏம்பலத்தைச் சுற்றியுள்ள ஊர்களின் அங்கத்தினர்கள் கூட்டுறவு முறையில் அமைக்கலாம்; அமைக்க வேண்டும். ஆனால் அதற்குரிய விதிகளை முதலில் எழுதிக்கொள்ளாமல் ஒரு செங்கல்லும் எடுத்து வைக்கக் கூடாது.

இது மேல்நாட்டுச் சரக்கு என்று சிலர் எண்ணலாம். நெசவாளர் தெருவை அறிந்தவர் அவ்வாறு எண்ணமாட்டார். பாவு விரிப்பதற்குத் தனி ஒருவர் முற்றம் போதாது. ஆகையால் தெரு முழுவதும், அல்லது தெருவை ஒட்டிய பாவடி முழுவதும், பொதுவாகவே இருந்தது. விடியற்காலையில் பாவுக்குக் கஞ்சிப் பசை தடவி ஆற்றும்போது ஒரு வீட்டார் கை போதாது. அண்டை வீட்டார் வந்தாக வேண்டும். கண் மங்கிய பாட்டி திண்ணையில் அமர்ந்து ராட்டையில் தார் சுற்றினாள். அறுந்த இழையைப் பிள்ளைகள் காட்டினார்கள். எவரும் அதற்கு 'தலைமுறைகளின் சங்கமம்' என்று பெயரிடவில்லை. வேலை அவர்களை அருகருகே உட்கார வைத்தது. உழவர்க்கும் அப்படியே. களம் பொது, ஏரிக்கரை பொது, சொர்ணாவூர் அணையிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகப் பாகூர் ஏரிக்கு வரும் நீர் பொது. தறி அவரவருடையது, பாவடி எல்லாருடையது. வயல் அவரவருடையது, மடை எல்லாருடையது. இந்தப் பாகுபாட்டை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர்.

இன்று ஆலைப் பாவு வந்தது; பாவடியின் தேவை குறைந்தது. அறுவடை இயந்திரம் வந்தது. களத்தின் தேவை குறைந்தது. தேவை குறைந்த பொதுவிடம் நெடுநாள் பொதுவாக இராது. வில்லியனூர்ப் பக்கமும் பாகூர்ப் பக்கமும் வயல்களின் நடுவே மனைப்பிரிவுக் கற்கள் நடப்பட்டிருப்பதைப் பார்க்கிறோம். ஒவ்வொரு மனைக்கும் மதில் உண்டு. மதிலுக்கு உள்ளே ஒரு முதியவர். அடுத்த மதிலுக்கு உள்ளே, வேலைக்குச் செல்லும் தாய் தன் குழந்தையை யாரிடம் விடுவது என்று தவிக்கிறாள். ஒருவருக்கு ஒருவர் மருந்தாக இருக்கக்கூடியவர்கள் மதிலால் பிரிந்திருக்கிறார்கள். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி அறுபது வயதைக் கடந்தோர் இந்நாட்டில் பத்துக் கோடிக்கு மேல். அதன் பின்னர் அத்தொகை வளர்ந்திருக்குமேயன்றிக் குறைந்திராது.

இதே துன்பத்தை டென்மார்க் நாட்டினர் அறுபது ஆண்டுகளுக்கு முன்னரே உணர்ந்தார்கள். குழந்தைக்கு நூறு பெற்றோர் வேண்டும் என்னும் கருத்தில் 1967இல் போடில் கிரே என்ற பெண்மணி ஒரு கட்டுரை எழுதினார். அதைப் படித்தவர்களும், யான் குட்மண்ட்-ஹோயர் என்னும் கட்டடக் கலைஞரைச் சேர்ந்தவர்களும் இவ்வழியில் முயன்றதன் பயனாக, ஹில்லெராட் நகருக்கு அருகில் 1972இல் 27 வீடுகள் கொண்ட குடியிருப்பு ஒன்று எழுந்தது. அதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றே. ஒவ்வொரு வீட்டுக்கும் தனிச் சமையலறை உண்டு; தனிக் கதவு உண்டு. அதற்கு மேல், எல்லாருக்கும் பொதுவாக ஓர் இல்லமும் உண்டு. விரும்பியபோது கூடலாம், விரும்பியபோது கதவைச் சாத்திக்கொள்ளலாம். கதவைச் சாத்திக்கொள்ள உரிமை இருப்பதனால்தான் திறக்க மனம் வருகிறது.

எல்லாவற்றையும் பொதுவாக்க முயன்ற அனுபவம் நமக்கு உண்டு. 1959இல் நாகபுரியில் காங்கிரஸ் மகாசபை கூட்டுப் பண்ணை முறையை ஆதரித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. உழவன் தன் வயலின் வரப்பை அழிக்க ஒப்பவில்லை. கூட்டுப் பண்ணை நாட்டில் வேரூன்றவில்லை. அதற்கு முன் 1951 ஏப்ரலில், நெசவுக்குப் பெயர்பெற்ற போச்சம்பள்ளியில் வினோபா அவர்கள் முன்னிலையில் ஒருவர் நூறு ஏக்கர் ஈந்தார்; பூதானம் பிறந்தது. மகத்தான செயல். எனினும் நாடெங்கும் தானமாகக் கிடைத்த நிலத்தில் ஒரு பகுதி சாகுபடிக்கு உதவாததாக இருந்தது. ஒரு பகுதி பங்கிடப்படாமலே கிடந்தது. நல்லெண்ணம் நிலத்தைத் தரும். அந்நிலத்தைப் பேணுவதற்கு நிர்வாகம் வேண்டும்.

அண்டையில் இருக்கும் ஆரோவில்லைப் பற்றிக் கூறாமல் இப்பொருளைக் கூறி முடிக்க இயலாது. 28-2-1968 அன்று தொடங்கப்பட்ட அந்நகரில் வீடு கட்டியவருக்கு நிலம் சொந்தமன்று; வீடும் அவர் விற்கக்கூடிய சொத்தன்று. அங்கிருந்து நாம் மூன்று பாடங்களைக் கற்கலாம்.

முதற் பாடம் நற்பாடம். அவர்கள் வந்தபோது அது மழைநீர் அரித்த செம்மண் மேடு. கரை போட்டு நீரைத் தடுத்தார்கள், மரம் நட்டார்கள். இன்று அது காடு. நிலத்தைத் துண்டுபோடாமல் ஒன்றாக வைத்துப் பேணியதனாலேயே அது இயன்றது.

இரண்டாம் பாடம் எச்சரிக்கை. தொடக்கத்தில் நிலம் வாங்கப்பட்டதும் நிதி திரட்டப்பட்டதும் ஸ்ரீ அரவிந்தர் சங்கத்தின் பெயரில். நிறுவியவரான அன்னை 1973 நவம்பரில் மறைந்தபின், அச்சங்கத்தினருக்கும் குடியிருப்போருக்கும் பிணக்கு மூண்டது. மத்திய அரசு 1980இல் அவசரச் சட்டத்தின் மூலம் நிர்வாகத்தை ஏற்றது. அது செல்லும் என்று 1982இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1988இல் ஆரோவில் அறக்கட்டளைச் சட்டம் வந்தது. இலட்சியத்தில் அவர்களுக்குள் ஐயம் இல்லை. பத்திரம் யார் பெயரில் என்பதிலேயே வழக்கு. இதைக் கூட்டுறவு அங்கத்தினர் ஒவ்வொருவரும் நினைவில் வைக்க வேண்டும்.

மூன்றாம் பாடம் திட்டத்தைப் பற்றியது. 50,000 பேருக்கென்று வகுக்கப்பட்ட அந்நகரில் இன்று வாழ்வோர் சுமார் 3,000 பேர். முதலில் வரைந்த வட்டச் சாலைக்காக 2021 டிசம்பரில் மரங்களை அகற்றத் தொடங்கியபோது பெரும் பூசல் எழுந்தது. பசுமைத் தீர்ப்பாயம் 2022இல் இட்ட ஆணையை உச்ச நீதிமன்றம் 2025இல் நீக்கியது. யார் பக்கம் நியாயம் என்று கூற நான் முற்படவில்லை. வரைபடத்தில் இருந்த சாலையும் மண்ணில் வளர்ந்த மரமும் அரை நூற்றாண்டு கழித்து எதிரெதிரே நின்றன என்பதை மட்டும் சுட்டுகிறேன். திட்டத்தை எவர், எத்தனை பேர் இசைவுடன், எப்போது மாற்றலாம் என்பதைத் தொடக்கத்திலேயே எழுதிவிட வேண்டும்.

"முதியோருக்கு மட்டும் ஓர் இல்லம் கட்டினால் போதாதா?" என்று கேட்கலாம். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின், கடலூர் மாவட்டத்தில் தாமரைக்குளம் முதியோர் கிராமத்தை ஹெல்ப்ஏஜ் இந்தியா நிறுவியது. ஆதரவற்றோருக்கு அது அருந்தொண்டு. ஆனால் நான் கூறும் முதியோர் ஆதரவற்றவர் அல்லர். அவர்களிடம் வீடு உண்டு, நிலம் உண்டு, தொழில் அறிவு உண்டு. அச்சுக்கட்டுதலில் இன்னும் அவர்களைக் கேட்டே இளையோர் செய்கின்றனர். எந்த வயலில் எந்த மாதம் ஊற்றுப் பிடிக்கும் என்பது அவர்களுக்கே தெரியும். அவர்களைத் தனியே ஒதுக்கினால் நட்டம் இளையோருக்குத்தான்.

இனி என் யோசனையின் விவரத்துக்கு வருகிறேன். நம் பத்திரங்களில் வழங்கும் கணக்கிலேயே கூறுகிறேன். 24 வீடுகளுக்கு ஒன்றரை ஹெக்டேர், அதாவது 150 ஆர் நிலம் போதும். வீட்டுக்கு ஒன்றரை ஆர் வீதம் 36 ஆர். பொது இல்லத்துக்கும் அதன் முற்றத்துக்கும் 10 ஆர். நடைபாதைக்கும் பாவடிக்கும் 24 ஆர். தோட்டத்துக்கு 60 ஆர். குளத்துக்கும் மரங்களுக்கும் 20 ஆர். நன்செய்யைத் தொட வேண்டாம், புன்செய்யில் அமைப்போம். வாங்குமுன் நீரின் தன்மையைச் சோதித்தறிக. நகர அமைப்புத் துறையின் இசைவைப் பெறுக. நெசவாளர் வீடு தரையோடு இருக்க வேண்டும். குழித்தறியை மாடியில் வைக்க முடியாது. முதியவருக்கும் படி ஆகாது. ஆகவே நெசவாளரின் தேவையும் முதியோரின் தேவையும் இங்கே ஒன்றாகவே முடிகின்றன.

வீடுகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் முதியோருக்கு என்றோ, இளையோருக்கு என்றோ ஆகிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இன்று நாற்பது வயதுடைய 24 குடும்பங்கள் ஒருசேரக் குடிபுகுந்தால், முப்பது ஆண்டுகளில் அது தானாகவே முதியோர் இல்லமாகிவிடும். காலியாகும் வீட்டை, எந்த வயதினர் குறைந்திருக்கிறார்களோ அவர்களுக்கே முதலில் தரவேண்டும் என்பது துணைவிதியாகட்டும்.

நிலம் சங்கத்தின் பெயரிலேயே என்றும் இருக்க வேண்டும். அங்கத்தினருக்கு வீட்டில் குடியிருக்கும் உரிமை உண்டு. அவருக்குப் பின் அவருடைய துணைவருக்கு உண்டு. அங்கேயே வாழ முன்வரும் மகனுக்கோ மகளுக்கோ உண்டு. விலகுபவருக்கு அவர் செலுத்திய தொகையும், தேய்மானம் கழித்த கட்டட மதிப்பும் திருப்பித் தரப்பட வேண்டும். சந்தையில் ஏறிய மனை விலை அவருக்கு உரியதன்று. இதைப் படிக்கும்போது சிலருக்கு மனம் சுருங்கும். எனக்குத் தெரியும். ஆனால் மனை விலையை அங்கத்தினர் எடுத்துச் செல்லலாம் என்று ஒருமுறை இசைந்தால், பத்தாண்டுகளில் என்ன ஆகும் என்பதை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன். பணியின் தொடக்கத்தில் நான் பார்வையிட்ட ஒரு வீட்டுவசதிச் சங்கத்தில், வரைபடத்தில் 'குழந்தைகள் பூங்கா' என்று பச்சை வண்ணம் தீட்டிய இடத்தில் நான்கு மனைகள் முளைத்திருந்தன. எவரும் திருடவில்லை, பொதுக்குழுவில் கையெழுத்திட்டே விற்றிருந்தார்கள். தீர்மானப் புத்தகம் செம்மையாக இருந்தது. பூங்காதான் இல்லை. ஆகவே பொது நிலத்தை விற்கவோ அடகு வைக்கவோ பெரும்பான்மை போதாது. எல்லா அங்கத்தினரின் இசைவும் வேண்டும் என்று எழுதுக.

பணத்தைப் பற்றி ஓர் ஆய்வாளனின் வேண்டுகோள். நெசவாளர் சங்கத்தின் நூல் முதலையோ, கடன் சங்கத்தின் வைப்புத் தொகையையோ இதற்குத் தொடுவது கூடவே கூடாது. 1972ஆம் ஆண்டுப் புதுச்சேரிக் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின் கீழ் தனிச் சங்கமாகப் பதிவு செய்து, தனிக் கணக்கு வைக்க வேண்டும். நிலம் உடைய முதியவர்கள் நிலமாகவும், இளையோர் மாதத் தவணையாகவும் பங்கு செலுத்தலாம். அங்கத்தினர் ஒருவருக்கு ஒரு வாக்கு. பெருநிலம் தந்தவருக்கும் ஒன்றே. கணவனும் மனைவியும் தனித்தனி அங்கத்தினராக வேண்டும்.

இவ்விடத்தில் பெண்களைப் பற்றி வெளிப்படையாகக் கூற வேண்டும். 'கூட்டாகப் பார்த்துக்கொள்வோம்' என்று ஆண்கள் தீர்மானம் போட்டால், பார்த்துக்கொள்வது மருமகள்களின் தலையில் விழும் என்பது உலகறிந்த செய்தி. முன்பு ஒரு மாமியாருக்குக் கஞ்சி வைத்தவள் இனி எட்டுப் பேருக்கு வைக்கட்டும் என்பது கூட்டுறவன்று, சுரண்டல். ஆகவே முறைப்பட்டியல் எழுதி, தோட்ட வேலை, சமையல், குழந்தைகளைப் பார்த்தல், இரவில் முதியோரை விசாரித்தல் ஆகிய எல்லாவற்றுக்கும் மணிக்கணக்கு வைத்து, ஆண்களுக்கும் சமமாகப் பங்கிட வேண்டும். தோட்ட வேலைக்குப் பதில் பணம் கட்டிவிடுகிறேன் என்பதற்கு இடம் தரலாகாது. பணம் வந்தால் கூலியாள் வருவார், கூலியாள் வந்தபின் அது பொதுத் தோட்டமாக இராது. எழுபது வயது கடந்தவர் விதை தெள்ளட்டும். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லட்டும். படுக்கையில் விழுந்தவருக்குப் பொது நிதியிலிருந்து செவிலியர் அமர்த்த வேண்டும். பெற்ற பிள்ளைகளின் கடமை இதனால் நீங்கிவிடாது. 2007ஆம் ஆண்டுப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின்படி ஜீவனாம்சம் கோரலாம். பராமரிப்பதாக நிபந்தனை ஏற்றுச் சொத்தை எழுதி வாங்கியவர் கைவிட்டால் அப்பத்திரத்தைச் செல்லாததாக்கவும் 23ஆம் பிரிவு வழி செய்கிறது.

இறுதியாக, யாவரும் எண்ணி எவரும் எழுதாத பொருள் ஒன்று: சாதி. 'நம்மவர்கள் மட்டும்' என்ற நிபந்தனையுடன் இதைத் தொடங்கினால் எளிதில் ஆள் சேரும்; ஐயமில்லை. பார்சி வகுப்பினருக்கு மட்டும் என்று விதி வகுத்த ஒரு வீட்டுவசதிச் சங்கத்தின் உரிமையை 2005இல் உச்ச நீதிமன்றம் ஏற்றும் இருக்கிறது. சட்டம் தடுக்கவில்லை என்பதனால் அது கூட்டுறவாகிவிடுமா? 1844இல் ராச்டேல் நகரில் நெசவாளர்களும் பிற தொழிலாளரும் கூடி இயக்கத்தை நடத்தியபோது, கதவு யாவருக்கும் திறந்திருக்க வேண்டும் என்பதை அடிப்படையாகக் கொண்டனர். தமிழ்நாட்டில் 1997இல் வகுத்த சமத்துவபுரத் திட்டத்தில் நூறு வீடுகளைப் பல வகுப்பாருக்கும் பகிர்ந்து, நாற்பதைத் தாழ்த்தப்பட்டோருக்கு அளித்தார்கள். அரசு செய்தது போல நாமும் வீடுகளை முன்னரே பகிர்ந்து விதி எழுதுவோம். ஊரையும் சேரியையும் பிரித்த அதே கோட்டை, தோட்டம் என்ற பெயரில் மீண்டும் வரைவதற்கு ஒரு கூட்டுறவுச் சங்கம் தேவையில்லை.

"இத்தனை விதிகளா? அன்பு இருந்தால் போதாதா?" என்று சிலர் கூறுவர். அன்பு குடிபுகும் நாளில் எல்லாரிடமும் உண்டு. எவர் வீட்டுப் பக்கம் தேங்காய் விழுந்தது என்ற வழக்கு வரும் நாளில்தான் விதி வேண்டியிருக்கிறது. அந்த வழக்கை அரை மணியில் தீர்த்தால் அன்பு பிழைக்கும்.

ஆகவே ஏம்பல வட்டார அங்கத்தினர்களுக்கு என் வேண்டுகோள் இதுவே. வரும் பொதுக்குழுவில் வீடு கட்டத் தீர்மானம் போட வேண்டாம். ஐந்து பேர் கொண்ட குழுவை நியமியுங்கள். அதில் இருவராவது பெண்கள், ஒருவர் முப்பது வயதுக்கு உட்பட்டவர். விருப்பமுள்ள குடும்பங்கள் சேர்ந்து முப்பது ஆர் நிலத்தை ஓராண்டுக் குத்தகைக்கு எடுத்துக் கீரையும் முருங்கையும் வாழையும் பயிரிடுங்கள். நீர் இறைக்கும் முறைக்கு எவர் வந்தார், எவர் வரவில்லை, விளைந்ததை எப்படிப் பகிர்ந்தீர்கள் என்று கணக்கு எழுதுங்கள். ஆண்டு முடிவில் அந்தக் கணக்குப் புத்தகமே உங்கள் துணைவிதிகளை எழுதித் தரும். ஓராண்டுக்குக் கீரைப் பாத்தியை ஒற்றுமையாகக் காக்க முடியாதவர்கள் ஒரே வேலிக்குள் வீடு கட்டாதிருப்பதே நலம்; காக்க முடிந்தவர்கள் அஞ்சாமல் கட்டலாம்.

அந்த மூதாட்டிக்கு அன்று விடை கூறாமல் வந்தேன். இன்று கேட்டால் இவ்வாறு கூறுவேன்: "அம்மா, துணைக்கு ஆளைச் சங்கத்தால் தர முடியாது, அதை அங்கத்தினர்கள்தாம் தரவேண்டும். ஆனால் அவர்கள் உங்கள் வாசலுக்கு வரும் வழியைச் சங்கம் அமைத்துத் தரலாம். பங்குத் தொகையை இப்போது திரும்பப் பெற வேண்டாம்." அவர் அன்றே அதைப் பெற்றுக்கொண்டு போய்விட்டார் என்பது என் வருத்தம். அடுத்தவர் வந்து கேட்பதற்குள் நாம் தொடங்கிவிட வேண்டும்.